வலி போயிடுச்சு, விளையாடப் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அடிபட்டதைப் பற்றித்தான். சுளுக்கு, எலும்பு முறிவு, ஆபரேஷன், அதற்குப் பிறகு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது. ஒரு பிசியோதெரபிஸ்டாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்களைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் இதற்கு மாறாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்; அவர் கையில் உங்கள் எக்ஸ்ரே இருக்கிறது, என் கையில் உங்கள் கடிதம் மட்டும்தான்.

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் இறகுப்பந்து விளையாடும்போது கணுக்கால் மடங்கிச் சுளுக்கிக்கொண்டது. எக்ஸ்ரே எடுக்கவில்லை. இப்போது வீக்கம் வடிந்துவிட்டது, நடந்தால் வலியும் இல்லை. திரும்ப விளையாடலாமா? இதே கால் போன வருஷமும் ஒரு தடவை மடங்கியது.

பதில்: போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே ஒரு வரி, அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. ஒரு கணுக்கால் சுளுக்குவதற்கான பெரிய காரணங்களில் ஒன்று, அதே கணுக்கால் முன்பே ஒரு தடவை சுளுக்கியிருப்பது. போன வருஷமும் வலி போன கையோடு விளையாடப் போயிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

வலி குறைவது ஒரு கணக்கு, காயம் ஆறுவது வேறு கணக்கு. ஜவ்வு (எலும்போடு எலும்பை இணைக்கும் நார்) கிழிந்த முதல் சில நாட்கள் வீக்கமும் சூடும் வலியும் இருக்கும். அடுத்த சில வாரங்களில் உடம்பு அவசர அவசரமாகப் புதுத் திசுவை உண்டாக்கி இடைவெளியை அடைக்கும். அந்த நார்கள் தாறுமாறாகக் கிடக்கும், பலமும் குறைவு. அதற்கு அப்புறம்தான் அவை இழுவை வரும் திசையில் ஒழுங்காக அடுக்கப்பட்டு உறுதியாகும், இதற்கு மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருஷம் வரைகூட இழுக்கும். வலி பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே விடைபெற்றுப் போய்விடுகிறது. ஆக, உங்களுக்கு இப்போது வலி இல்லை, ஆனால் ஜவ்வு இன்னும் பாதி வேலையில் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஜவ்வுக்குள் இருக்கும் நரம்பு முனைகளும் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று நொடிக்கு நொடி மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஜவ்வு கிழிந்தால் அந்தச் செய்தியும் பழுதாகிறது. கால் மடங்கப் போகிறது என்று தெரிந்து தசை இழுத்துப் பிடிப்பதற்குள் மடங்கி முடிந்துவிடும். இது வலிக்காது, அதனால் யாருக்கும் தெரிவதும் இல்லை.

சரி, தயாரா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? வீட்டிலேயே பார்க்கலாம். அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள் (பக்கத்தில் சுவர் இருக்கட்டும்), நல்ல காலோடு ஒப்பிடுங்கள். அடுத்து ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். நல்ல காலில் 25 தடவை வருகிறது, அடிபட்ட காலில் 14-லேயே கெண்டைக்கால் நடுங்குகிறது என்றால் பதில் கிடைத்துவிட்டது, நான் சொல்ல வேண்டியதில்லை. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முயலுங்கள். பாதத்தை எவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளி வைத்தும் தொட முடிகிறது என்று இரண்டு காலிலும் பாருங்கள். கடைசியாக ஒற்றைக்காலில் முன்னாலும் பக்கவாட்டிலும் குதித்துப் பாருங்கள்.

இதில் எது குறைகிறதோ அதுதான் உங்கள் பயிற்சி. தினமும் ஒற்றைக்காலில் நிற்பது, குதிகால் தூக்குவது, பிறகு மெத்தென்ற தலையணை மேல் நிற்பது, நின்றபடி பந்தை எறிந்து பிடிப்பது. அதெல்லாம் சரியான பிறகு நேராக ஓட்டம், பிறகு வளைந்து நெளிந்து ஓட்டம், பிறகு தனியாகப் பயிற்சி, அதற்கும் பிறகுதான் போட்டி. ஒவ்வொரு படியிலும் நீதிபதி மறுநாள் காலைதான்: பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவு வலி வந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் மறுநாள் காலை எழுந்து முதல் அடி வைக்கும்போது கால் வீங்கியிருந்தாலோ நேற்றைவிட அதிகம் வலித்தாலோ ஒரு படி கீழே இறங்குங்கள். திரும்ப விளையாட ஆரம்பிக்கும் முதல் சில மாதங்கள் கணுக்கால் பிரேஸ் (மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் உறை) போட்டுக்கொள்வது நல்லது. ஏற்கெனவே சுளுக்கியவர்களுக்கு மறுபடி சுளுக்குவதை அது குறைக்கிறது. அதைப் போட்டால் கால் பலவீனமாகிவிடும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

எக்ஸ்ரே விஷயம்: எல்லாச் சுளுக்குக்கும் தேவையில்லை. கனடாவின் ஒட்டாவாவில் உருவாகி 1992-ல் வெளியான விதிகளைத்தான் உலகம் முழுவதும் அவசரப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். அடிபட்ட உடனேயும் மருத்துவரிடம் வந்த பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் இரண்டு பக்க எலும்பு முண்டுகளின் பின்விளிம்பில் அழுத்தினால் வலிக்கிறது, அல்லது பாதத்தின் நடுப்பகுதியில் சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் இடத்திலோ உள்பக்க எலும்பிலோ அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே வேண்டும். உங்களுக்கு இன்னமும் எலும்பின் மேல் அழுத்தினால் வலி இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

கேள்வி: அடிபட்டால் ஐஸ் வைக்க வேண்டுமா, வெந்நீர் ஒத்தடமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: ஆளுக்கு ஒன்று சொல்வதில் ஆச்சரியமில்லை, மருத்துவர்களே மாற்றி மாற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கின் ஆங்கில முதல் எழுத்துகளையும் சேர்த்து ‘ரைஸ்’ என்று 1978-ல் பெயர் வைத்தவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பல வருஷம் கழித்து, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே சொன்னார். 2012-ல் வேறு சில ஆய்வாளர்கள் ‘ஓய்வு’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘அளவான சுமை’ என்று வைத்தார்கள். எனக்கு அந்த மாற்றம்தான் முக்கியமாகப் படுகிறது, ஐஸ் சண்டை அல்ல.

ஐஸ் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று நாள் வலி தாங்கவில்லை என்றால் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். நேராகத் தோலில் வைக்காதீர்கள், வைத்துக்கொண்டே தூங்கிவிடாதீர்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் ஐஸ், சூடு இரண்டையுமே தவிர்ப்பது நல்லது. அந்த முதல் நாட்களில் சூடு வேண்டாம், நீவி விடுவது வேண்டவே வேண்டாம், மதுவும் வேண்டாம். மூன்றுமே உள்ளே கசிவையும் வீக்கத்தையும் கூட்டக்கூடியவை. வீக்கம் அடங்கிய பிறகு விறைப்பாக இருக்கிறது என்று வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதில் தப்பில்லை.

கேள்வி: மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து, முடி அதிகமாக வளர்ந்து வேறு யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. விரலை முழுசாக மடக்க முடியவில்லை. அசைத்தால் மறுபடி உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தோல் உரிவதையும் முடி வளர்வதையும் பார்த்துப் பயப்படாதீர்கள், தானாகவே சரியாகிவிடும். மெலிந்தது தசை, பயன்படுத்தாத தசை சில நாட்களிலேயே கரைய ஆரம்பிக்கும், திரும்ப வளர அதைவிட நிறைய நாள் எடுத்துக்கொள்ளும். முன்னே பின்னே ஆகலாம், ஆனால் வரும்.

கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்றால் எலும்பு சாதாரண அசைவைத் தாங்கும் அளவுக்கு ஒட்டியிருக்கிறது என்று பொருள். பாரத்தைத் தாங்கும் அளவுக்கு என்று பொருள் இல்லை. ஒட்டின இடத்தை உடம்பு இன்னும் பல மாதம் செதுக்கிச் சீர் செய்துகொண்டிருக்கும், எந்தப் பக்கம் சுமை விழுகிறதோ அந்தப் பக்கம் எலும்பு உறுதியாகும். யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1892-லேயே இதைச் சொல்லிவிட்டார். அதனால் அசைக்காமல் வைத்திருப்பது உங்கள் எலும்பைப் பாதுகாக்கவில்லை, மூட்டைத்தான் இறுக்குகிறது.

வெதுவெதுப்பான நீரில் கையை வைத்துக்கொண்டு விரல்களை மடக்கி விரியுங்கள், கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுங்கள், மணிக்கட்டை மேலும் கீழும் அசையுங்கள், முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புங்கள். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலானவர்களுக்குத் தாமதமாக வரும், சில்லறையை உள்ளங்கையில் வாங்கப் போகும்போதுதான் கை திரும்பவில்லை என்பதே தெரியும். ஒரே தடவை அரை மணி நேரம் செய்வதைவிட ஐந்து நிமிடமாக ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை செய்யுங்கள். ‘நான் மடக்கி விடுகிறேன்’ என்று வேறு யாராவது கையைப் பிடித்து அழுத்த வந்தால் விடாதீர்கள். தோளையும் மறக்காதீர்கள், ஆறு வாரம் தூக்குத் துணியில் தொங்கிய கையின் தோள் சத்தமில்லாமல் இறுகியிருக்கும். கனமான பொருளைத் தூக்குவது, கையை ஊன்றி எழுவது இரண்டும் எப்போது என்பதை அடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். புகைப்பவர் என்றால் இந்தக் காலத்திலாவது நிறுத்துங்கள், புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது.

மூன்று விஷயங்களுக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். கை பளபளவென்று வீங்கி, நிறம் மாறி, அதிகமாக வியர்த்து, லேசாகத் தொட்டாலே எரிகிற மாதிரி வலித்தால். விரல்கள் மரத்துப் போய்க்கொண்டே இருந்தால். நேற்று வரை தூக்கிய கட்டைவிரலை இன்று திடீரென்று தூக்க முடியாமல் போனால். மூன்றாவது வலியே இல்லாமல்கூட நடக்கும், கட்டைவிரலைத் தூக்கும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) உரசி உரசி அறுந்திருக்கலாம். எலும்பு விலகாத சாதாரண முறிவில்கூட சில வாரம் கழித்து இது வருவது உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம் ஆகிறது. காலில் எடை வைத்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் அண்ணனும் அண்ணியும் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. அம்மாவும் பயந்துபோய் இருக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: டாக்டர் சொன்னதுதான் சரி, இதில் பாதி பாதி கிடையாது. அண்ணன் அன்பினால்தான் செய்கிறார், ஆனால் அந்த வயதில் கட்டில்தான் ஆபத்தான இடம். படுத்தே இருந்தால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரலாம், முதுகில் புண் வரலாம், காலில் ரத்தம் உறையலாம், இருக்கிற கொஞ்சநஞ்சத் தசையும் கரையும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் என்ற அரசு அமைப்பு, மருத்துவக் காரணம் எதுவும் தடுக்காவிட்டால் ஆபரேஷனுக்கு மறுநாளே எழுப்பி நடக்க வைக்கச் சொல்கிறது. இரண்டு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. இந்தப் பதிலை அண்ணனிடம் காட்டுங்கள், முடிந்தால் அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொன்னால் கேட்காதவர் மருத்துவர் சொன்னால் கேட்பார்.

தொடக்கம் எளிது. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்காரட்டும், தலைசுற்றல் இல்லையென்றால் வாக்கரைப் பிடித்து நிற்கட்டும், பிறகு அறைக்குள் நான்கைந்து அடி. கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுதான் இந்த வயதில் எனக்குப் பிடித்த பயிற்சி, கழிப்பறைக்குத் தனியாகப் போய்வரும் பலம் அதிலிருந்துதான் வருகிறது. வைத்தது செயற்கை மூட்டு என்றால் தாழ்வாக உட்காருவது, கால் மேல் கால் போடுவது பற்றி உங்கள் மருத்துவர் ஏதாவது தடை சொன்னாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது ஏறக்குறைய எல்லாருமே தடியை அடிபட்ட பக்கத்துக் கையில்தான் பிடிக்கிறார்கள். மாற்றிப் பிடிக்க வேண்டும். வலது இடுப்பில் ஆபரேஷன் என்றால் தடி இடது கையில், வலது காலை எடுத்து வைக்கும்போது தடியும் கூடவே முன்னால் போக வேண்டும். அப்படிச் செய்தால்தான் இடுப்பில் விழும் சுமை குறையும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட காலும் தடியும் முதலில்.

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அது அவசரம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆபரேஷன் செய்த இடம் சிவந்து, சீழ் வந்து, காய்ச்சல் அடித்தாலும் அப்படித்தான்.

அப்புறம், ஏன் விழுந்தார் என்று யாராவது கேட்டீர்களா? இது பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போகிற கேள்வி. கண் பார்வையா, ராத்திரி போடும் தூக்க மாத்திரையா, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா, ஈரத் தரையா? நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிந்தது என்றால் எலும்பு அடர்த்தி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு வைத்தியம் பார்க்காவிட்டால் அடுத்த முறிவுக்குக் காத்திருப்பதாகத்தான் அர்த்தம்.

கேள்வி: பயிற்சிக்கு முன் பெயின் கில்லர் போட்டுக்கொண்டால் நன்றாகச் செய்ய முடிகிறது. தப்பா?

பதில்: ஆபரேஷனுக்குப் பிறகு மருத்துவர் எழுதிக்கொடுத்ததைப் பயிற்சிக்கு முன் போட்டுக்கொள்வது தப்பே இல்லை, வலிக்குப் பயந்து அசையாமல் கிடப்பதைவிட அது மேல். மைதானத்தில் இறங்குவதற்காக வலியை மறைக்கப் போடுவது வேறு கதை. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லக் கூடிய ஒரே ஆளின் வாயை நீங்களே கட்டிவிடுகிறீர்கள். ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளை வாரக்கணக்கில் நீங்களாகப் போடாதீர்கள், வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்களும் ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை போடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கேள்வி: வயது 19. கால்பந்து வீரன். முழங்காலில் முன் சிலுவைத் தசைநார் (ஏசிஎல் என்கிற ஜவ்வு) கிழிந்து ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. வலி சுத்தமாக இல்லை, ஓடுகிறேன். அடுத்த மாதம் டோர்னமெண்ட். டீமில் எல்லாரும் வா வா என்கிறார்கள். போகலாமா?

பதில்: போகாதே தம்பி.

காரணத்தைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவெடு. உன் முழங்காலுக்குள் இப்போது இருப்பது பெரும்பாலும் உன் உடம்பில் வேறு இடத்திலிருந்து எடுத்து வைத்த தசைநாண். அதை வைத்த நாளில் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. முதல் சில மாதங்களில் அதிலிருந்த செல்கள் செத்து, புது ரத்தக் குழாய்களும் புது செல்களும் உள்ளே வந்து, கொஞ்சம் கொஞ்சமாக அது தசைநாராக மாறுகிறது. இந்த மாற்றத்தின் நடுவில் அது ஆபரேஷன் செய்த நாளில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். முழங்கால் வெளியே நன்றாக இருக்கிறது, உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது.

நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்புவதை 9 மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முழங்காலில் அடிபடும் விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 9 மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டதில் கூடுதல் பலன் தெரியவில்லை. நீ ஐந்திலோ ஆறிலோ திரும்பினால் எவ்வளவு ஆபத்தை வாங்கிக்கொள்கிறாய் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். உன் வயதில், வெட்டித் திரும்பி ஓடும் விளையாட்டில், மறுபடி கிழிவது மற்றவர்களைவிட அதிகம். சில சமயம் நன்றாக இருந்த மற்ற காலில்கூடக் கிழிகிறது.

காலண்டர் மட்டும் போதாது. 9 மாதம் ஆகியும் தயாராகாதவர்கள் நிறையப் பேர். தொடையின் முன்பக்கத் தசை நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது பலம் காட்ட வேண்டும், ஒற்றைக்காலில் தாவும் சோதனைகளிலும் அதே அளவு வர வேண்டும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: நீ இத்தனை மாதம் ஓடாததால் நல்ல காலும் இளைத்திருக்கும், அதோடு ஒப்பிட்டு 90 வந்தால் பெரிய விஷயமில்லை. தாவி இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று போனில் வீடியோ எடுத்து உன் பிசியோவிடம் காட்டு.

டோர்னமெண்ட் சமயத்தில் வீட்டில் உட்கார்ந்திருப்பது எரிச்சலாக இருக்கும், தெரியும். அடிபட்ட விளையாட்டுக்காரர்களில் பலருக்கு முழங்காலைவிட மனசுதான் தாமதமாகத் திரும்புகிறது; தூக்கம் கெடும், டீமை விட்டு ஒதுக்கப்பட்ட மாதிரி இருக்கும். டீமோடு போ, பக்கக் கோட்டில் நில், பந்தைக் கையால் எறிந்து கொடு, ஆட்டத்தைக் கவனித்துக் குறிப்பு எடு. ‘ஒரு பத்து நிமிஷம் மட்டும் இறங்கு’ என்று யாராவது சொன்னால் மட்டும் ஷூவைக் கழற்றி வைத்துவிடு.

கேள்வி: என் 13 வயது மகன் விளையாடும்போது இன்னொரு பையனோடு தலை மோதிக் கீழே விழுந்தான். சில நிமிடம் தலைசுற்றல், எங்கே இருக்கிறோம் என்று குழப்பம். நேற்று மாலை நடந்தது, இன்று ‘நல்லா இருக்கேன்’ என்கிறான். ராத்திரி தூங்க விடலாமா? ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அனுப்பலாமா?

பதில்: ஞாயிறு ஆட்டம் கிடையாது. முதலில் இன்றே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்; குழப்பம் வந்ததால் அது மூளை அதிர்ச்சி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், மயக்கம் போட்டு விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்பது இல்லை.

மருத்துவர் பார்த்து அனுப்பிவிட்டால் தூங்கலாம். விடிய விடிய விழித்திருக்க வைப்பது தேவையில்லாத சித்திரவதை. ஆனால் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத மயக்கம், வலிப்பு, கை காலில் பலவீனம், பேச்சுக் குழறல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் அல்லது ரத்தம், இதில் எது வந்தாலும் அந்த நிமிஷமே மருத்துவமனை.

2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் சொன்னது இது: முதல் ஓரிரண்டு நாள் அளவான ஓய்வு. இருட்டறையில் அடைத்து வைப்பது அல்ல. வீட்டுக்குள் நடக்கலாம், மெல்லப் பேசிக்கொண்டிருக்கலாம், போன், டிவி நேரத்தைக் குறைக்க வேண்டும். அதன் பிறகு நடை, லேசான சைக்கிள், ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி என்று படிப்படியாக, ஒரு படிக்கு ஒரு நாளாவது விட்டு. ஏதாவது ஒரு படியில் அறிகுறிகள் தெளிவாகக் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் மறுபடி முயலலாம். அறிகுறிகள் முழுசாகப் போய், மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் மோதல் உள்ள ஆட்டம். பள்ளிக்கூடத்துக்கு முழுதாகத் திரும்பிய பிறகுதான் விளையாட்டுக்கு முழுதாகத் திரும்ப வேண்டும். பிள்ளைகளுக்கு இது முடிய நான்கு வாரம் வரை ஆவது சாதாரணம். ‘நல்லா இருக்கேன்’ என்று அவன் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முழுசாக நம்பாதீர்கள், ஆட்டத்துக்குப் போக ஆசைப்படுகிற பையன் வேறு என்ன சொல்வான்? தூக்கம், எரிச்சல், படிக்கும்போது எத்தனை நிமிஷத்தில் தலை வலிக்கிறது என்று நீங்களே கவனித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.